மூன்றாவது தொட்டி

காபி இன்னும் கொண்டு போகவில்லை. அவர் வந்து அரைமணி நேரம் ஆகிறது, இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டார், முதல் செருமல் நான் வந்திருக்கிறேன் என்பதற்கு, இரண்டாவது காபி எங்கே என்பதற்கு. குழந்தைசாமி மாமாவின் செருமலெல்லாம் எனக்குப் பாவாடை கட்டிய நாளிலிருந்தே பாடம். என் அத்தையின் மூத்த மகன், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், பங்காளிக் குடும்பங்கள் அத்தனைக்கும் பெரியவர். செருமட்டும். முன் அறையில் மின்விசிறி இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, எதிரே உட்கார்ந்து தலையாட்டத் தம்பியும் இருக்கிறார். எனக்கு இங்கே பின் அறையில் வேலை கிடக்கிறது. மூன்றாவது தொட்டியில் சிவப்பிக்குப் பிரசவம். நேற்றே வயிறு சதுரமாகிவிட்டது, கப்பி மீனுக்கு அதுதான் அடையாளம், உருண்டையாக இருக்கிறவரைக்கும் நாள் இருக்கிறது, மூலை வைத்து டப்பா மாதிரி ஆகிவிட்டால் இன்றோ நாளையோ. காலையில் தீனி போட்டபோது மேலே வரவில்லை, காற்றுக்குழாய்க்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றுகொண்டாள், அப்போதே தெரிந்துவிட்டது. மற்ற மீன்கள் மாதிரி முட்டையிடுகிற ஜாதி இல்லை கப்பி, குட்டியாகவே போடும். ஜாதி. பார், மீனைப் பற்றி யோசித்தாலும் அந்த வார்த்தைதான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, கூப்பிடாத விருந்தாளி. இதோ வருகிறது முதல் குட்டி, ஒரு சின்ன உருண்டை, தலையும் வாலும் ஒட்டிச் சுருண்டு கீழே விழுகிறது, விழுகிற வழியிலேயே நிமிர்கிறது, நிமிர்ந்த மறுநொடி உயிருக்குப் பயந்து பாசிக்குள் ஓடுகிறது. பெற்றவளே திரும்பித் தின்றுவிடுவாள் என்று அதற்கு யார் சொன்னது. பிறந்து ஒரு நொடி ஆகவில்லை, அம்மாவை நம்பக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. என் மகளுக்கு அது தெரிய இருபத்தாறு வருசம் ஆனது.

மௌனிகா. அவளைப் பற்றித்தான் முன் அறையில் பேச்சு, பேச்சு என்றால் ஒருவர் மட்டும் பேசுகிற பேச்சு. சேலத்தில் இருக்கிறாள், ஈரோட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், பதினான்கு மாதமாக அமெரிக்கா மாதிரி தூரம். வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள், பெயர் இளஞ்செழியன், போட்டோவில் பார்த்ததுதான், காது கொஞ்சம் பெரிது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, தேடிப் பார்த்தேன். இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாள். கேட்டு வருகிற வீடா இது, அவள் தவழ்ந்த வீடு, கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டிய வீடு. மகள் வரலாமா என்று முடிவு செய்ய மாமா வந்திருக்கிறார். சுவர் வழியாக வார்த்தைகள் பாதி பாதியாக வருகின்றன. "நாஞ் சொல்லலப்பா, பங்காளிங்க அத்தன பேருஞ் சொல்றாங்க. அந்தப் புள்ளைய ஊட்டுக்குள்ள உட்டீன்னா அப்பறம் கோயல்ல உன்ற பானைக்கு எடமில்ல, பாத்துக்க." எங்கள் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கிறபோது எல்லாப் பங்காளிகளின் பானையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு பானையைத் தள்ளிவைத்துவிட்டால் அந்த வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் யாரும் வரமாட்டார்கள். எங்கள் பானை மேற்கிலிருந்து ஆறாவது. முப்பது வருசமாக அந்த இடத்தில் குனிந்து ஊதி ஊதி என் கண்தான் புகையில் கெட்டது, இவர்கள் வேட்டி மடிப்புக் கலையாமல் நிழலில் நின்றார்கள். இப்போது இடம் அவர்களுடையது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் என்ன பதில் சொல்கிறார் என்று காதைக் கொடுத்தேன். "ம்" என்கிறார். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு முப்பது வருசம் குடித்தனம் நடத்திவிட்டார் மனிதர்.

மூன்று, நாலு. நாலாவது தலைகீழாக விழுந்து சமாளித்துக்கொண்டது, கெட்டிக்காரக் கழுதை. கையில் வலை வைத்திருக்கிறேன், எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜக்கரியா பார்த்தால் எதற்கென்று சொல்வான், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்ணமீன் கடை வைத்திருக்கிறான், என்னை ஈரோட்டிலேயே நல்ல சிவப்பு லைன் வைத்திருக்கிற அக்கா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே என் தலையில் கொம்பு முளைக்க வைத்தவன். லைன் என்றால் வம்சம். மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் ஒரே சிவப்பு, நடுவில் ஒரு கரும்புள்ளி இருக்கக்கூடாது, வாலில் கண்ணாடி மாதிரி இடம் தெரியக்கூடாது, தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். எடுத்து எங்கே போடுவது என்று கேட்காதே. ஜக்கரியா கடையில் ஒரு ஆஸ்கர் மீன் இருக்கிறது, உள்ளங்கை அகலம், எதைப் போட்டாலும் வாயைத் திறக்கும். நாலு வருசமாக ஒவ்வொரு ஈற்றிலும் நான் உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறேன், இது ஆகும், இது ஆகாது, இது ஆகும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான், மனசு ஒன்றும் பதறவில்லை, பொய் சொல்வானேன். பெண் குட்டிகளை ஆண் குட்டிகள் தொடும் முன்பே பிரித்துத் தனித் தொட்டியில் வைப்பேன், மூன்றாவது தொட்டி அதற்குத்தான். ஏனென்றால் கப்பியில் ஒரு தடவை கூடினால் போதும், அந்த ஆண் செத்தே போனாலும் அஞ்சாறு மாதத்துக்கு அவனுடைய குட்டிதான் வந்துகொண்டிருக்கும். கலந்துவிட்டால் அந்தப் பெண் லைனுக்கு ஆகாது. கலந்துவிட்டது, இதுதான் எங்கள் தொழில் வார்த்தை. போன மாதம் கோபியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு நான் போயிருந்த அன்று, பாட்டிலில் தனியாகக் கிடந்த பலவண்ண ஆணைத் தூக்கி இந்தத் தொட்டியில் விட்டுவிட்டார் என் வீட்டுக்காரர். வந்து பார்த்தால் மயில் தோகையை விரித்துக்கொண்டு அவன் மாப்பிள்ளை ஊர்வலம் போகிறான், சிவப்பிகள் பின்னாலேயே. ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க என்று நான் குதித்த குதியில் தண்ணீர் தளும்பியது. "தனியாக் கெடக்குதேன்னுதான் வசந்தா உட்டேன்" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஜக்கரியா போனில் கேட்டுவிட்டுச் சிரித்தான், "அக்கா, அத்தனையையும் தூக்கிப் போட்ருங்க, ஆஸ்கர் பசியாத்தான் இருக்குது." சரி என்றேன். போடவில்லை. இன்று போடுகிறேன், நாளை போடுகிறேன் என்று ஒரு மாதம் ஓடி, இதோ ஐந்தாவது குட்டி.

கலந்துவிட்டது. இந்த வார்த்தையிடம் வந்துவிட்டேன், வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதே முக்காலி, இதே வலை, மௌனிகா போன் செய்தாள். அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், ரிஜிஸ்டர் ஆபீஸ்லம்மா, அவுரு நம்ம ஆளுங்க இல்லைம்மா, நல்லவருமா. ஒரே மூச்சில் சொன்னாள், சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, நடுவில் நிறுத்தினால் மறந்துவிடும் என்கிற பயத்தோடு. நான் என்ன சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். ஏன்டி என்று அழுதிருக்கலாம், நாசமாய்ப் போ என்று திட்டியிருந்தால்கூட அது ஒரு அம்மாவின் வார்த்தை, நாலு நாளில் ஆறிவிடும். என் கண் தொட்டியில் இருந்தது, கையில் ஒரு குட்டியைப் பிடித்து வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயில் வந்தது இதுதான்: "கலந்துட்டியா?" மெதுவாகக் கேட்டாள், "நானென்ன உன்ற தொட்டி மீனாம்மா?" வைத்துவிட்டாள். நான் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை எனக்குள் வாதாடிப் பார்த்தேன், நினைக்காமல் எப்படி வந்தது, நாக்கு என்ன வாடகைக்கு எடுத்ததா. மாமா முன் அறையில் வந்து உட்கார்ந்து சொல்வதற்குப் பதினான்கு மாதம் முன்னாலேயே அதை நான் சொல்லிவிட்டேன். அவர் ஒரு பாரதமே சுற்றி வளைத்துச் சொல்கிறார், நான் ஒரே வார்த்தையில் முடித்தேன். அதனால் அவர் மேல் மட்டும் கோபப்பட எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம்தான். கோபம் நிறையவே இருக்கிறது.

முன் அறையில் இப்போது ரத்தச் சுத்தம் என்கிறாரே, எனக்குத் தெரியாத சுத்தமா. வெளி ரத்தமே சேர்க்காமல் அண்ணனையும் தங்கையையும், அம்மாவையும் மகனையும் கட்டிக் கட்டி நாலு ஈற்று எடுத்தால் சிவப்பு அப்படியே தீப்பிடித்த மாதிரி வரும், அதே ஈற்றில்தான் முதுகு கோணியதும் வரும். இரண்டாம் வருசம் எனக்கு வந்தது. பத்துக்கு மூன்று, நடு முதுகில் ஒரு வளைவு, நீந்தினால் நேராகப் போகத் தெரியாது, வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், தீனி பக்கத்தில் இருந்தாலும் எட்டாது. அப்போதும் ஜக்கரியாதான் சொன்னான், "அக்கா, ரத்தம் டைட்டாயிருச்சு, வெளிய இருந்து ஒன்னு உள்ள விடோணும்." அன்றைக்கு நான் தீனி டப்பாவை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன், பட்டப்பகலில், தலைவலி என்று. தலை ஒன்றும் வலிக்கவில்லை. மௌனிகாவுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். இருபத்திரண்டு நாள். பெயர் வைக்கவில்லை, நான் மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், சொந்தத்திலேயே கட்டினீங்களா. அத்தை பையனுங்க என்றேன், எங்க அம்மாவும் சொந்தத்தில்தானுங்க, அத்தையும் மாமாவும்கூட. பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், பேனா மூடியைப் போட இரண்டு தடவை முயன்றார். ஊருக்கு வந்தால் கண்ணு பட்டுடுச்சு என்றார்கள். யாருடைய கண். என் கல்யாணத்துக்கு வெளி ஆள் ஒருத்தர் வரவில்லையே, பந்தலில் இருந்த அத்தனை கண்ணும் நம் கண்தானே. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் இதே குழந்தைசாமி மாமாதான், துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து. திரும்பி வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அவர் அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதனால்தான் அவரை ஒரேயடியாக வெறுக்கவும் முடிந்து தொலைக்கவில்லை.

ஒன்பது, பத்து, எண்ணிக்கை விட்டுவிட்டேன். எல்லாம் சாம்பல் நிறம், கண் மட்டும் பெரிதாக. எது சிவப்பாகும், எது மயிலாகும் என்று இன்றைக்குச் சொல்ல எவராலும் முடியாது, ஒரு மாதம் போக வேண்டும். இதைப் போய் மாமாவிடம் சொல்லலாமா, பாருங்க மாமா, பிறக்கும்போது எல்லாம் ஒரே நிறம்தானுங்க என்று. மீனும் மனுசனும் ஒன்னா அம்மிணி என்பார். ஒன்றில்லை. அதைத்தானே நானும் சொல்ல வருகிறேன், ஒன்றே இல்லை. மீனுக்கு லைன் பார்க்கிறேன், அது என் பொழுதுபோக்கு, என் கிறுக்கு, இந்தக் குட்டிகளில் ஒன்றைக்கூட நான் சிவப்பு லைனில் சேர்க்கப்போவதில்லை, அது வேறு விசயம். பாசிக்குள் இருந்துகொள்ளட்டும், ஆஸ்கர் பட்டினி கிடக்கட்டும். மனுசப் பிள்ளையைத் தொட்டியில் வைத்துப் பார்த்தது நீங்கள். உங்களோடு சேர்ந்து பார்த்தது நான். பயமாக இருக்கிறது, ஒளிப்பானேன். நாளைக்கு எனக்கோ அவருக்கோ ஒன்று ஆகிவிட்டால் யார் வந்து நிற்பார்கள். எதிர் வீட்டுச் சரோஜினி இப்போதே கோலம் போடுகிற சாக்கில் பத்து நிமிசம் அதிகம் குனிந்திருக்கிறாள், மாமாவின் கார் நிற்பதைப் பார்த்துவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை மௌனிகா கூப்பிட்டபோதும் இந்தப் பயம்தான் என் வாயில் பேசியது. "டாக்டர் இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ங்கறாங்கம்மா. இவங்க ஊட்டுல நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா எனக்கு நம்மூட்டுக்கு வரோணும்னு இருக்குதும்மா." பதினான்கு மாதம் கழித்து வந்த குரல், மூச்சு வாங்குகிறது, மாடி ஏறி வந்தவள் மாதிரி, உள்ளே இரண்டு உயிர் இல்லையா. நான் சொன்னேன், கேட்டுச் சொல்றேன் சாமி. கேட்டுச் சொல்கிறேனாம். யாரைக் கேட்க. பத்து மாதம் சுமக்க யாரைக் கேட்டேன், நடுராத்திரி காய்ச்சலில் தோளில் போட்டு நடக்க யாரைக் கேட்டேன். அவள் "சரிம்மா" என்றாள், கோபமில்லாமல், அதுதான் தாங்கவில்லை. பிரசவம் என்பது சும்மா இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எந்தச் சாமியும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த அறைக்குள் போகிறபோது ஒரு பெண் அம்மாவைத்தான் நினைப்பாள், நான் நினைத்தேன். அப்போது என் மகளுக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு வார்த்தையாக இருந்தால். இல்லை. அதை மட்டும் விடமாட்டேன். பானை போகட்டும், பங்காளி போகட்டும், அந்த வார்த்தையோடு அவளை அந்தக் கட்டிலில் படுக்க விடமாட்டேன்.

சிவப்பியை ஒரு கிண்ணத்தில் மொண்டு எடுத்துப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினேன். களைத்துப்போய் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், வயிறு ஒட்டிவிட்டது, வாலில் ஒரு கிழிசல், ஆனாலும் என்ன சிவப்பு. இருக்கட்டும், தூங்கட்டும். சேலைத் தலைப்பில் கையைத் துடைக்காமலே முன் அறைக்கு வந்து நிற்கிறேன், விரலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மாமா பேப்பரை மடிக்கிறார். தலை நன்றாக நரைத்துவிட்டது இவருக்கு. "காப்பி கீப்பி ஒன்னுங் கெடையாதா அம்மிணி?" என்கிறார். "இருக்குதுங்க மாமா. இதச் சொல்லிப்போட்டு வெக்கறனுங்க. மௌனிகாவ இன்னக்கிப் பொழுதோட போய்க் கூட்டிட்டு வர்றேன்." சந்தையில் காய் கேட்கிற குரல் மாதிரி வந்தது. "ஆரக் கேட்டு?" "ஆரையுங் கேக்கலீங்க." அவர் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்க்கிறார். "ஏப்பா சென்னியப்பா, நீ என்ன சொல்றே?" என் வீட்டுக்காரர் தரையைப் பார்க்கிறார். ம் வரப்போகிறது, வந்தால் இன்றைக்கு நான் மனுசியாக இருக்கமாட்டேன். கையை முழங்காலில் ஊன்றி எழுந்திருக்கிறார். "தெக்கால ரூம்ல கட்டில் ஆடிட்டுக் கெடக்குது" என்கிறார், யாரிடமும் இல்லை, சுவரிடம். "காலுக்குக் கீழ ஒரு கட்டை வெச்சாச் செரியாப் போயிரும்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நடக்கிறார். சுத்தியல் தேடுகிற சத்தம் கேட்கிறது.

மாமா எழுந்துவிட்டார். வேட்டியை உதறிக் கட்டுகிறார், முகம் சிவந்திருக்கிறது. "அப்ப உறவு வேண்டாம்னு அத்துக்கறீங்க, ரண்டு பேரும் சேந்து." "நான் எதுக்குங்க மாமா அத்துக்கறேன்? வேணும்னா நீங்க அத்துக்குங்க. அதுவும் அத்தன சுளுவா முடியாதுங்க. மக வவுத்துல பொறக்கறது அம்மாவப் பெத்தவர அப்புச்சின்னு கூப்புடும், அவரோட அண்ணனப் பெரிய அப்புச்சின்னு கூப்புடும், நம்ம முறை அதுதானுங்களே. நீங்க வாசப்படி மிதிக்காட்டியும் கூப்புடும். கோயல்ல, கல்யாண மண்டபத்துல, எங்க கண்டாலும் அத்தன பங்காளிக்கு முன்னால ஓடியாந்து உங்க காலக் கட்டிக்கிட்டுப் பெரிய அப்புச்சின்னு கூப்புடும். பேச்சு வந்தொடனே முதல்ல அதத்தானுங்க மாமா நான் சொல்லிக் குடுக்கப் போறேன்."